திரும்பச் சுருட்டிப் பார்த்தால் போதுமா?

வைகைக்கரை:
கூடல்நகர் தம்பி நேற்றுப் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதிய ஃபேஸ் அன்ராப்பிங் நிரலை நாற்பது படங்களில் ஓட்டினாராம். ஃபேஸ் (phase) என்பது அலை ஒரு சுற்றில் எங்கே நிற்கிறது என்ற கோணம். படத்தில் அது ஒரு சுற்றுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும், விட்டுப்போன முழுச் சுற்றுகளை, அதாவது 2 பைகளை (2π), கூட்டி விரிப்பதுதான் அன்ராப்பிங். விரித்த படத்தைத் திரும்ப மைனஸ் பைக்கும் பிளஸ் பைக்கும் நடுவே சுருட்டினால் மூலப்படமே அச்சு அசலாக வருகிறதாம், அதனால் பிழை பூஜ்யமாம். தம்பி, இது சோதனையே இல்லை. ஒரு பிக்சலில் 2 பை தப்பாகக் கூடினாலும் 200 பை கூடினாலும் சுருட்டியதும் அதே எண்தான் வந்து நிற்கும். உள்ளே போன படத்தை ஒன்றும் செய்யாமல் அப்படியே வெளியே தள்ளுகிற நிரலுக்குக்கூட உங்கள் சோதனையில் நூற்றுக்கு நூறு கிடைக்கும்.

கூடல்நகர்:
அண்ணே, நான் ஒன்றும் செய்யாத நிரல் எழுதவில்லை. 2002-ல் ஹெர்ராயஸ் குழு வெளியிட்ட முறையை வரிக்கு வரி படித்து, நம்பகமான பிக்சல்களை முதலில் சேர்த்துக்கொண்டு போகிற மாதிரி சி மொழியில் எழுதியிருக்கிறேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியது. திரும்பச் சுருட்டினால் மூலம் வரவில்லை என்றால் நிரல் தப்பு, அது நிச்சயம். எனக்கு வருகிறது.

வைகைக்கரை:
அது நிச்சயமும் இல்லை. கிக்லியாவும் ரொமேரோவும் 1994-ல் கொடுத்த லீஸ்ட் ஸ்கொயர் முறையை நாய்ஸ் (இரைச்சல்) உள்ள படத்தில் ஓட்டிவிட்டுத் திரும்பச் சுருட்டிப் பாருங்கள். மூலம் வராது. அந்த முறை அப்படித்தான், மொத்தப் பரப்புக்கும் பொருந்துகிற வழவழப்பான விடையைத் தேடும். அதைத் தப்பு என்று தள்ளிவிடுவீர்களா? ஒன்றும் செய்யாதவன் பாஸ், உழைத்தவன் ஃபெயில் என்றால் கோளாறு பரீட்சையில் இருக்கிறது.

அப்புறம் ஒரு கேள்வி. உங்கள் நாற்பது படத்திலும் சேர்த்து ரெசிட்யூ எத்தனை? பக்கத்துப் பக்கத்து நாலு பிக்சலைச் சுற்றி வந்து, வித்தியாசங்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். 2 பை வந்தால் அங்கே முடிச்சு, அதாவது ரெசிட்யூ, விழுந்திருக்கிறது. கோல்ட்ஸ்டீன், ஜெப்கர், வெர்னர் மூவரும் 1988-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். முடிச்சே இல்லாத படத்தில் பிக்சல் பிக்சலாக எந்த வழியில் விரித்துக்கொண்டு போனாலும் ஒரே விடைதான் வரும். அதில் ஜெயிப்பதற்கு ஹெர்ராயஸ் எதற்கு?

மானாமதுரைக்காரன்:
இருவரும் ஃபேஸ் ஃபேஸ் என்று எழுதுவது கண்ணை உறுத்துகிறது. பள்ளிப் புத்தகத்தில் கட்டம் என்று படித்தோமே, அதற்கு என்ன குறை?

வெற்றிலைக்கொடி:
கட்டம் என்றால் கோலத்தில் போடுவதும் கட்டம், ஜாதகத்தில் போடுவதும் கட்டம். இலங்கையில் அவத்தை என்கிறார்கள், அதுவாவது குழப்பாது.

மானாமதுரைக்காரன்:
இலங்கையிலிருந்து சொல்லை இரவல் வாங்கும் நிலைமை மதுரைக்கு இன்னும் வரவில்லை.

வெற்றிலைக்கொடி:
அவர்களும் நம் மொழியைத்தானே பேசுகிறார்கள்? இதில் என்ன இரவல்? சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ரேடார் படம் பார்க்கிறவள். ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் சென்டினல்-1-ன் அலைநீளம் சுமார் 5.5 செ.மீ., அலை போய்த் திரும்புவதால் ஒரு முழுச் சுற்று என்பது தரை அது பார்க்கும் திசையில் 2.8 செ.மீ. நகர்ந்ததற்குச் சமம். எங்கள் சோழவந்தான் பக்கம் நெல் வயலும் தென்னந்தோப்பும் செயற்கைக்கோள் மறுபடி வரும் 12 நாளில் உருவமே மாறிவிடுவதால் படம் முழுக்க அண்ணன் சொல்லும் முடிச்சுதான். அங்கே உண்மை விடை யார் கையிலும் இல்லை. மூன்று தேதிப் படங்களை எடுத்து ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஒன்று என்று விரித்த எண்களைக் கூட்டுவோம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரவேண்டும், 2 பை அளவுக்குத் தள்ளி நின்றால் எங்கோ தப்பாக விரிந்திருக்கிறது. திரும்பச் சுருட்டுவதை யாரும் சோதனையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கூடல்நகர்:
அக்கா, உங்களிடம் ஒரே இடத்துக்கு மூன்று படம் இருக்கிறது, என்னிடம் பொருளுக்கு ஒன்றுதான். ஒற்றைப் படத்தில் வேறு என்ன செய்வது? திரும்பச் சுருட்டினால் மூலம் வருகிறது. வருகிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
வருகிறது, வருகிறது, வருகிறது. 2 பை 2 பையாகக் கூட்டுகிற நிரலை எப்படி எழுதினாலும் வரும் என்பதைத்தான் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். சுவர்க்கடிகாரம் ஐந்து மணி காட்டுகிறது, என்ன கிழமை என்று கேட்டால் முள் ஐந்தில் சரியாக நிற்கிறதே என்கிறீர்கள்.

ஒற்றைப் படத்தில் என்ன செய்வது என்றால், உண்மை தெரிந்த பரப்பை நீங்களே உருவாக்குங்கள். அதன் மேல் வெளிச்சப் பட்டைகள் விழுந்த மாதிரிப் படங்களை உண்டாக்கி, வெளிச்ச அளவிலேயே நாய்ஸைக் கலந்து, அதற்குப் பிறகு ஃபேஸ் எடுங்கள். சுருட்டி முடித்த ஃபேஸின் மேல் நாய்ஸைத் தூவாதீர்கள், கேமராவில் அப்படி நடப்பதில்லை. கடைசியில் எத்தனை பிக்சலில் 2 பை எண்ணிக்கை தப்பியது என்று எண்ணுங்கள்.

நான் இன்னொன்றும் செய்தேன். நீங்கள் பொதுவில் வைத்த நிரலை எடுத்து, மானாமதுரையில் வாங்கிய என் கடத்தின் மேல் ஓட்டினேன். மாடி அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கடத்தை ஸ்டூலில் வைத்து, புரொஜெக்டரில் பட்டைகளை அதன் மேல் விழவைத்தேன். வயிற்றில் பட்டைகள் அழகாக வளைந்து போகின்றன. கழுத்துக்கு வந்ததும் வாய் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கிறதே, அங்கே பட்டை அறுந்து, ஒன்றரைப் பட்டை தள்ளி மறுபடி தொடங்குகிறது. அதே இருப்பில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளால் எண் குறிக்கும் கிரே கோடு (Gray code) படங்களும் எடுத்தேன், நிழல் விழாத ஒவ்வொரு பிக்சலுக்கும் அது எத்தனையாவது பட்டை என்று பக்கத்துப் பிக்சலைக் கேட்காமலே தெரிந்துவிடும். வயிற்றில் உங்கள் நிரல் சரி. விளிம்பு முழுவதும் ஒரு பட்டை குறைவு. வெர்னியர் காலிப்பரில் அளந்தால் 11 மி.மீ. துருத்தி நிற்கும் விளிம்பு உங்கள் படத்தில் 4 மி.மீ.தான். திரும்பச் சுருட்டினேன், பிழை பூஜ்யம்.

மானாமதுரைக்காரன்:
கடம் என்றால் சக்கரத்தில் வனைந்து தட்டித் தட்டிச் சீராக்குவது. அதை ஸ்டூலில் நிறுத்தி வைத்து விளையாடாதீர்கள், விழுந்தால் போச்சு.

கூடல்நகர்:
பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே பைக்கு மேல் தாவினால் அந்தத் தாவலைத் தாண்டி விரிக்கிற எந்த நிரலும் தவறத்தான் செய்யும், 1982-ல் இடோ சொன்ன நிபந்தனையே அதுதான். அது கடத்தின் தப்பு, என் நிரலின் தப்பு இல்லை. சொன்னதைத்தான் சொல்கிறேன், திரும்பச் சுருட்டினால் மூலம் வருகிறது. போன வருடம் நான் ஸ்கேன் செய்த தூண் சிற்பத்தையும் இப்படித்தான் எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

வைகைக்கரை:
அன்றைக்கும் விளிம்பைத்தான் சொன்னேன். யாளியின் பல் தாடையோடு ஒட்டியிருந்தது, ஒட்டியிருக்கிறது என்றேன். இடோ நிபந்தனை உடைகிற இடம் தெரிந்திருந்தால், அந்த இடத்தைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டுத்தானே பிழை பூஜ்யம் என்று எழுதியிருக்க வேண்டும்? யாராவது அதை நம்பி ஒரு பழைய பானைச் சில்லை அளந்து தடிமனைக் குறித்துவைத்தால் அந்த எண் அப்படியே நிலைத்துவிடும். எனக்கு அதுதான் பயம்.

வெற்றிலைக்கொடி:
அண்ணே, தம்பி சின்னப் பையன், கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம்.

வைகைக்கரை:
மெதுவாகவும் சொல்லிப் பார்த்தாயிற்று அம்மா. ஞாயிற்றுக்கிழமை கடத்தையும் புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு கூடல்நகருக்கே வருகிறேன். போன வருடம் வாங்கிப்போன புரொஜெக்டர் வயரை மட்டும் தம்பி எடுத்து வைக்கட்டும்.

கூடல்நகர்:
வயரை அன்றைக்கே உங்கள் வீட்டில் கொடுத்தாயிற்று, அண்ணியிடம் கேளுங்கள். கடத்தைக் கொண்டுவாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே சுருட்டிக் காட்டுகிறேன்.