ஒரே நேரத்தில் இரண்டு பாடம் மோதினால் எதை எடுப்பது?

அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வந்த தம்பி தங்கைகள் ஒவ்வொரு செமஸ்டரும் கேட்பது இதுதான்: ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸும் அல்காரிதம்ஸும் ஒரே நேரத்தில் வருகிறது, எதை விடுவது?

முதலில் மோதுவது லெக்சரா, லேபா என்று பாருங்கள். லேப் என்றால் வேறு செக்‌ஷனுக்கு மாறினாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

லெக்சரே மோதினால், எதை முடித்தால் அடுத்த பாடங்களுக்கு வழி திறக்கும் என்பதுதான் கேள்வி. கல்லூரியின் பாடப்பட்டியலான கேட்டலாகில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்தேவை, அதாவது அதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடம், போட்டிருக்கும். பட்டம் வாங்கும் வரைக்குமான பாடங்களை ஒரு தாளில் எழுதி அம்புக்குறி போடுங்கள். நான் இதை இரண்டாம் வருடத்தில்தான் செய்தேன். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் ஒரு பாடத்தை அதற்குள் தவறவிட்டிருந்தேன். அதை நம்பியிருந்த மூன்று பாடங்களும் ஒரு வருடம் தள்ளிப்போயின. அப்படிப்பட்ட பாடம் இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

இரண்டுமே எல்லா செமஸ்டரும் உண்டு என்றால், இலையுதிர்கால செமஸ்டரான ஃபாலில் அல்காரிதம்ஸ் எடுக்கச் சொல்வேன். அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் இன்டர்வியூக்கள் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். அங்கே கேட்கும் கிராஃப், டைனமிக் புரோகிராமிங் போன்ற அல்காரிதம்ஸ் பகுதிகள் எல்லாம் கைப்பழக்கத்தில் இருக்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் புராஜெக்ட் நேரத்தை விழுங்கிவிடும். இரண்டு த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு அப்படியே நின்றுபோன ஒரு பிழையை நானும் நண்பனும் மூன்று இரவுகள் தேடினோம். கடைசியில் பார்த்தால், ஒரே ஒரு ஃபங்ஷனில் இரண்டு லாக்குகளை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டுகளை) எடுக்கும் வரிசை மாறியிருந்தது. அருமையான பாடம்தான், ஆனால் இன்டர்வியூ ஓடும் மாதங்களில் வேண்டாம்.

அப்புறம், எஃப்-1 என்ற மாணவர் விசாவை மறந்துவிடாதீர்கள். இளநிலை மாணவர்கள் பொதுவாக ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். மோதலைத் தவிர்க்க ஆன்லைன் வகுப்புகளுக்குத் தாவினால், அந்தக் கணக்கில் ஒரு வகுப்பு, அதாவது 3 கிரெடிட்தான் சேரும். ஒரு பாடத்தை விட்டால் 12-க்குக் கீழே போகும் என்றால், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிய பிறகே விடுங்கள். விட்டுவிட்டுப் போய்க் கேட்டால் விசா நிலைக்கே ஆபத்து.

வேண்டிய பாடத்தில் இடமில்லையா? வெயிட்லிஸ்டில் பெயர் போட்டு, பேராசிரியரிடம் சொல்லிவிட்டு, முதல் வாரமே வகுப்பில் போய் உட்காருங்கள். ஆட்-டிராப் கெடு, அதாவது பாடங்களைச் சேர்க்கவும் விடவும் தரும் காலம், முடிவதற்குள் சிலர் விலகுவார்கள். இடம் கிடைக்கும்போது முதல் ஹோம்வொர்க் உங்கள் கையில் தயாராக இருக்க வேண்டும்.