கேஷ் இன்வேலிடேஷன்: ‘நீக்கம்’ போதுமா, ‘செல்லாதாக்கல்’ வேண்டுமா?

> பதிவு மாறியதும் ரெடிஸ் என்ற கேஷ் மென்பொருளில் டெல் (DEL) கட்டளை கொடுத்து விசையை (தரவைத் தேடி எடுக்கும் பெயரை) அழிக்கிறோம். ‘கேஷ் நீக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம். மூலப் பதிவு மாறியதும், கேஷில் (விரைவாக எடுக்கச் சேமித்துவைத்த நகல்களில்) உள்ள பழைய முடிவைப் பயன்படாமல் செய்வதுதான் ‘கேஷ் இன்வேலிடேஷன்’; அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். டெல் ஒரு வழிதான். விசையிலேயே பதிப்பெண் சேர்க்கும் முறையில் எதையும் நீக்குவதில்லை. ‘பயனர்:42:7’ என்ற விசையில் வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) முடிவு இருக்கிறது. பதிவு மாறியதும் நிரல் ‘பயனர்:42:8’ஐத் தேடத் தொடங்கும். பழையது கேஷிலேயே கிடக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். செல்லாத வாக்கும் பெட்டியில்தான் இருக்கிறது, எண்ணிக்கையில் சேராது. அதனால் ‘செல்லாதாக்கல்’ என்பதே பொருந்தும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

டிடிஎல் (தரவு கேஷில் இருக்க வைத்த கால வரம்பு) முடிந்து போவது ‘காலாவதி’. இடம் போதாமல் மெம்கேஷ்டு போன்ற கேஷ் மென்பொருள் தள்ளிவிடுவது ‘வெளியேற்றம்’. இந்த இரண்டிலும் போன தரவு சரியானதாகவே இருந்திருக்கலாம். மூலப் பதிவு மாறியதால் செய்வதற்கு மட்டும் செல்லாதாக்கல்.

> எப்போது செய்வது என்பதையும் சொல்லின் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

கட்டாயம். கமிட்டுக்கு (மாற்றத்தைத் தரவுத்தளத்தில் உறுதிசெய்வதற்கு) முன்பே விசையை அழித்தால், இடையில் வரும் கோரிக்கை பழைய வரியைப் படித்து மறுபடியும் கேஷில் வைத்துவிடும். கமிட் முடிந்த பிறகே அழிக்க வேண்டும். அப்போதும் ஓர் ஓட்டை உண்டு: கமிட்டுக்கு முன் படித்த கோரிக்கை தாமதமாகி, நாம் அழித்த பிறகு எழுதலாம். அந்தப் பழந்தரவு நிலைத்துவிடாமல் இருக்க டிடிஎல்லும் வைப்பது நல்லது. ‘ஸ்டேல்’ (stale) என்பதற்குப் ‘பழந்தரவு’ போதும். ‘காலங்கடந்த’ என்றால் காலாவதியோடு குழம்பும்.

> செல்லாதாக்கலை ஏற்கிறேன். எவ்வளவு தரவைச் செல்லாததாக்குகிறது என்ற வீச்சைக் குறிக்க அடைமொழி வேண்டாமா?

வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய வினவல் கேஷில், ஒரு வரி மாறினாலும் அந்த அட்டவணையைத் தொட்ட எல்லா முடிவுகளும் செல்லாமல் போயின. அடிக்கடி எழுதப்படும் அட்டவணைகளுக்கு அதனால் பயனே இல்லை, 8.0 பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். அது ‘அட்டவணைவாரிச் செல்லாதாக்கல்’. ஒரு பதிவின் விசையை மட்டும் தொடுவது ‘விசைவாரிச் செல்லாதாக்கல்’.

ஆனால் விசைவாரியாகச் செய்பவர்கள் தவறவிடுவது புதுப் பதிவு சேரும் இடத்தில்தான். 43ஆம் பயனர் சேரும்போது அவருக்கென்று கேஷில் விசையே இராது. ஆனால் பயனர் பட்டியலும் மொத்த எண்ணிக்கையும் பிழையாகிவிடும். அவற்றைச் சேமிக்கும்போதே ‘பயனர்கள்’ என்ற குறிச்சொல்லை ஒட்டிவைத்து, சேர்த்தாலும் அழித்தாலும் அந்தக் குறிச்சொல் உள்ள முடிவுகளை எல்லாம் ஒருசேரச் செல்லாதாக்க வேண்டும். இதைக் ‘குறிச்சொல்வாரிச் செல்லாதாக்கல்’ என்று மூன்றாவதாகச் சேர்க்கலாம்.