ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வயிற்றோட்டம்: ‘சீ டிஃப்’ பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கல்லடியிலிருந்து, மகள்

அப்பாவுக்கு 74 வயது. மார்கழி மழையோடு நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்று ஒரு ஆஸ்பத்திரியில் 9 நாள் வைத்திருந்தார்கள். நாளுக்கு இரண்டு வேளை அன்டிபயோட்டிக் ஊசி. சளி இறங்கியது, எழும்பி உட்கார்ந்து சொதியும் சோறும் சாப்பிட்டார், துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள்.

ஐந்தாம் நாள் விடியற்காலை வயிற்றோட்டம் தொடங்கியது. அன்று மட்டும் ஏழு தரம், தண்ணீராக. நாங்கள் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொடுத்தோம். மாமி “மழைத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை” என்றார். பக்கத்து வீட்டுத் தம்பி அக்கறையோடு ஓடிப்போய் வயிற்றோட்டத்தை நிறுத்துகிற குளிசை வாங்கி வந்தார். ஏனோ கொடுக்கவில்லை. இந்த நோயில் அப்படி நிறுத்தினால் நஞ்சு குடலுக்குள்ளேயே தங்கிவிடலாம் என்று டொக்டர் பிறகுதான் சொன்னார். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து வயிறு ஊதியபோது திரும்பவும் வாட்டுக்குக் கொண்டுபோனோம்.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி, கிட்டடியில் என்ன அன்டிபயோட்டிக் எடுத்தார் என்பதுதான். மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, குளொஸ்ரிடியம் டிஃபிசில், சுருக்கமாக ‘சீ டிஃப்’, என்று ஒரு கிருமி என்றார். நம் குடலில் குடியிருக்கிற நல்ல கிருமிகளை அன்டிபயோட்டிக் அழித்துவிட, அந்த வெறும் வளவில் இது பெருகுகிறதாம். இது விடுகிற நஞ்சு பெருங்குடலின் சுவரைப் புண்ணாக்கிவிடும்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்தது. கட்டில் காலில் கை சுத்தப்படுத்துகிற ஸ்பிரிட் போத்தல் ஒன்று கட்டியிருந்தது. அப்பாவைக் கழுவித் துடைத்துவிட்டு ஒவ்வொரு தரமும் அதைத்தான் கையில் பூசினேன். பக்கத்துக் கட்டிலில் படுவான்கரையிலிருந்து ஒரு ஐயா இருந்தார். அவருடைய மகள் மத்தியான பஸ்ஸில்தான் வருவார். அதுவரை நான்தான் அவரைச் சரித்து உட்கார வைப்பேன், பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். நாலைந்து நாளில் அவருக்கும் வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது.

அன்று பின்னேரம் ஒரு தாதி மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்த ஸ்பிரிட்டுக்கு இந்தக் கிருமி சாகாது தங்கச்சி, பைப்பில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க” என்றார். ஒரு வாரமாக யாரும் சொல்லாத விஷயம். அந்த ஐயாவின் பிளாஸ்க் மூடி என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இதைப் பார்த்தவர்கள், வாட்டில் வேலை செய்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

களுவாஞ்சிகுடி, ஓய்வு பெற்ற தாதி

தங்கச்சி, அந்த ஐயாவுக்கு உங்கள் கையால்தான் போனது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அவரும் அன்டிபயோட்டிக்கில் இருந்திருப்பார், வயதும் போனவர். ஒரே கக்கூசு, ஒரே பிரஷர் பட்டி, ஒரே வெப்பமானி, எங்கள் கை, டொக்டர்மாரின் கை, எல்லாமே வழிதான். வாட்டில் வருகிற எல்லா வயிற்றோட்டமும் சீ டிஃப் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அன்டிபயோட்டிக்கால் வருகிற வயிற்றோட்டத்தில் பெரும்பகுதி வேறு காரணத்தால் வருவது. வேறு காரணம் தெரியாமல் 24 மணித்தியாலத்தில் மூன்று தரமோ அதற்கு மேலோ இளகிப் போனால்தான் சோதிப்பார்கள்.

ஸ்பிரிட் ஏன் சரிவராது என்றால், இந்தக் கிருமி வெளியே வந்ததும் வித்தியாக மாறிவிடும். விதைநெல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையில் கட்டி வைத்த விதைநெல் அடுத்த போகம் வரை அசையாமல் கிடந்து, ஈரம் கண்டதும் முளைக்கிறதே, அதுபோல இந்த வித்தி கட்டில் கம்பியிலும் மேசையிலும் மாதக்கணக்கில் கிடக்கும். ஒருவர் வாய்க்குள் போய்க் குடலுக்கு இறங்கினால் அங்கே முளைக்கும். சவர்க்காரமும் இதைக் கொல்லாது. தேய்க்கிற தேய்ப்பும் ஓடுகிற தண்ணீரும் கையிலிருந்து கழற்றிக் கொண்டுபோகின்றன, அவ்வளவுதான். அதனால் அவசரமாக நனைத்துவிட்டு ஓட முடியாது. 40 முதல் 60 விநாடி வேண்டும். விரல் இடுக்கு, பெருவிரலைச் சுற்றி, நகத்துக்குள். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். கையுறை போட்டிருந்தாலும் கழற்றிய பிறகு கழுவத்தான் வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த வாட்டில் இரண்டு கிழமைக்குள் மூன்று பேருக்கு இது வந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் சக்கரம் வைத்த கொமோட் கதிரை ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தோம். இருக்கையை ஒவ்வொரு தரமும் துடைத்திருக்கிறோம். கைப்பிடியின் அடிப்பக்கத்தை யாரும் துடைத்ததில்லை. எழும்புகிற நோயாளி விரலை மடக்கிப் பிடிப்பது அந்த அடிப்பக்கத்தைத்தான். அங்கே காய்ந்து படிந்திருந்தது. அன்றே நோயாளிகளுக்குத் தனிக் கதிரை, தனி வெப்பமானி, தனிப் பிரஷர் பட்டி என்று பிரித்தோம். டொக்டர்மாரும் தேவையில்லாத அன்டிபயோட்டிக்கை வெட்டினார்கள். அதோடு நின்றது. எது நிறுத்தியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, எல்லாம் ஒன்றாகத்தான் செய்தோம்.

தனி அறை இருந்தால் உடனே மாற்ற வேண்டும், பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. வயிற்றோட்டம் நின்ற பிறகும் குறைந்தது 48 மணித்தியாலம் அந்த ஏற்பாட்டை எடுக்கக் கூடாது. இங்கிலாந்தில் ஸ்டோக் மண்டெவில் ஆஸ்பத்திரியில் 2003 முதல் 2005 வரை இரண்டு தடவை இது பரவி, குறைந்தது 33 பேர் இறந்ததாக 2006இல் விசாரணை அறிக்கை வந்தது. நோயாளிகளை வேளைக்குத் தனிமைப்படுத்தாதது அங்கே பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. பணமும் வசதியும் உள்ள நாட்டிலேயே அப்படி என்றால், தனி அறை குறைந்த நம் வாட்டுகளில் கை கழுவுவதை விட்டுவிட்டு நாங்கள் எதை நம்புவது?

நம் ஊரில் நோயாளியைக் கழுவுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். நாங்கள் வகுப்பு எடுத்ததெல்லாம் ஊழியர்களுக்கு. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த உங்களை மாதிரி மகள்மாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து நான் சொல்லிக் கொடுத்தது குறைவு. அது இன்றைக்கும் எனக்கு மனவருத்தம்.

அக்கரைப்பற்றிலிருந்து

வாப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் இதே நோய் வந்தது. மிஸ் சொன்னதோடு கக்கூசுக் கோப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாட்டில் ஏறக்குறைய இருபது பேருக்கு ஒரு வாளி, ஒரு பிளாஸ்ரிக் கோப்பை. இடக்கையால் கழுவுகிறோம், சரி. அந்தக் கையாலேயே பைப்பைப் பூட்டுகிறோம், கதவுக் கொண்டியைத் தள்ளுகிறோம். அடுத்தவர் அதே கொண்டியை வலக்கையால் பிடித்துத் திறக்கிறார். அவர் வெளியே வந்து அந்த வலக்கையால் சோற்றைப் பிசைகிறார். நான் ஒருநாள் கதவுக்குப் பக்கத்தில் வாப்பாவுக்காகக் காத்து நின்றபோதுதான் இது கண்ணில் பட்டது. சாப்பாட்டு நேரம், ஒரு அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன். சவர்க்காரக் கட்டி வைக்கிற இடம் வெறுமையாக இருந்தது.

பிறகு வாப்பாவுக்கென்று சிவப்புக் கோப்பை ஒன்று வாங்கி, பெயர் எழுதி வைத்தோம். உம்மாவுக்கு விளங்க வைப்பதுதான் கொஞ்சம் பாடுபட்ட வேலை. ஐந்து வேளை வுளுச் செய்கிறோமே, அதற்கு மேல் என்ன சுத்தம் என்றார். வுளு தொழுகைக்கு உம்மா, இது நோய்க்கு, இதற்குச் சவர்க்காரம் வேண்டும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு வாட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவரே உம்மாதான்.

இன்னொன்று. செய்தி பரவியதும் சொந்தக்காரர் வீட்டுப் படியேறுவதை நிறுத்திவிட்டார்கள். ராத்தா பிள்ளைகளைக் கொண்டுவரவில்லை. டொக்டரிடம் கேட்டோம். அன்டிபயோட்டிக் எடுக்காத, சுகமாக இருக்கிற ஆட்களுக்கு இது வருவது குறைவு, வந்து பேசுங்கள், போகும்போது கையைக் கழுவிவிட்டுப் போங்கள் என்றார். வாப்பா நோயைவிட அந்தத் தனிமையில்தான் அதிகம் வாடினார்.

அம்பாறைக் கரையோரம், ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்

நான் வாட்டு துடைக்கிறவன். எங்களை யாரும் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சாதாரண வாசனைத் தண்ணியால் துடைத்தால் இது போகாது. குளோரின் வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குப் போடுகிறார்களே, அதே வெள்ளைத் தூள், ரி.சி.எல். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 16 கிராம். கலக்கி அரை மணித்தியாலம் அடைய விட்டு, மேலே தெளிகிற தண்ணீரை எடுப்போம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றுக் கலக்கியது வலு இழந்துவிடும். அழுக்கு இருந்தால் முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் குளோரினை ஊற்றினால் அதன் பலம் அழுக்கோடு போய்விடும்.

துடைத்த பிறகு பத்து நிமிடம் ஈரமாகவே கிடக்க வேண்டும். இங்கேதான் எனக்கு ஒவ்வொரு நாளும் சண்டை. மணக்கிறது என்று ஃபேனைப் போட்டுக் காய வைக்கிறார்கள், பழைய துவாயால் கட்டில் கம்பியைத் துடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பத்து நிமிடத்தை எங்களுக்கு விடுங்கள். ஜன்னலைத் திறந்து வைப்போம்.

தரையைவிடக் கை படுகிற இடம்தான் முக்கியம். கட்டில் கம்பி, லொக்கர் பிடி, சேலைன் தொங்குகிற தடி, பைப், சுவிட்ச். ஒரு கட்டிலுக்கு ஒரு துணி. வயிற்றோட்ட நோயாளியின் கட்டிலைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். ஆள் போதாத நாளில் ஒரே மொப்போடு வாட்டு முழுக்க இழுத்தும் இருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பொய்யாகிவிடும்.

வேலைக்கு வந்த புதிதில் கக்கூசு கழுவுகிற அசிட் ஊற்றிய இடத்திலேயே குளோரினையும் ஊற்றிவிட்டேன். பச்சை மஞ்சளாகப் புகை கிளம்பி நெஞ்சை அடைத்தது, இரண்டு நாள் இருமினேன். வீட்டில் செய்பவர்கள் இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள்.

ஏறாவூரில் பாமசி வைத்திருப்பவர்

சுருக்கமாக. டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் வந்து “இருமலுக்கு அமொக்சிசிலின் ஆறு தாருங்கள்” என்று கேட்பவர் நாளுக்கு எத்தனையோ பேர். தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். கிளின்டமைசின், சிப்ரொபிளொக்சசின், செப்ட்ரியக்சோன் வகை, கோ-அமொக்சிக்ளவ், இவற்றுக்குப் பிறகு சீ டிஃப் வருகிற வாய்ப்புக் கூடுதல். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னும் கூடுதல். ஒமிப்ரசோல் போன்ற காஸ்ரிக் குளிசையை வருடக்கணக்கில் விழுங்குபவர்களும் அது இன்னும் தேவையா என்று டொக்டரிடம் ஒருமுறை கேளுங்கள். தேவைக்குத் தந்த அன்டிபயோட்டிக்கைப் பயந்து நடுவில் நிறுத்தவும் வேண்டாம். எழுதியவரிடமே பேசுங்கள்.

கல்லடியிலிருந்து, மகள்

எல்லோருடைய பதிவையும் இரண்டு தரம் வாசித்தேன். மிஸ், உங்கள் முதல் வரிக்கு நன்றி.

அப்பாவுக்கு வன்கோமைசின் கொடுத்தார்கள். ஊசிக்குரிய சின்னப் போத்தலைத் தண்ணீரில் கரைத்து, குடிக்கத் தந்தார்கள். நரம்பில் ஏற்றினால் அது குடலுக்குள் போய்ச் சேராதாம். நாளுக்கு நாலு வேளை, 10 நாள். கசப்பில் முகத்தைச் சுளிப்பார், பின்னாலேயே ஒரு துண்டு வாழைப்பழம் கொடுப்பேன். மூன்றாம் நாளே போக்குக் குறைந்தது. முடிந்து மூன்று கிழமையில் திரும்பவும் ஒருதரம் வந்தது. ஆறு பேரில் ஒருவருக்கு அப்படித் திரும்ப வருமாம். இப்போது மாசி பிறந்துவிட்டது, முற்றத்தில் நடக்கிறார்.

படுவான்கரை ஐயாவும் சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு முதல் அவருடைய மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிளாஸ்க் விஷயத்தையும். அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்தார். பிறகு இரண்டு பேருமாகக் கீழே கடைக்குப் போய் மூன்று சவர்க்காரக் கட்டி வாங்கினோம். தோடம்பழம் கட்டி வந்த வலைப்பையில் ஒன்றைப் போட்டு வாட்டுப் பைப்பில் கட்டினோம். அடுத்த நாள் காலையில் பார்த்தால் பாதி கரைந்திருந்தது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஊர்ச் சங்கத்திலிருந்து இரவலாக எடுத்த கொமோட் கதிரை வீட்டில் நிற்கிறது. வேறொரு அம்மாவுக்குத் தேவை என்று கேட்டிருக்கிறார்கள். எப்படிக் கழுவிக் கொடுப்பது?

அம்பாறைக் கரையோரம், ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்

அக்கா, கிணற்றடிக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், வெளியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். கையுறை போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் அடிப்பக்கம், கைப்பிடியின் உள்பக்கம், சக்கரம் எல்லாம் தேயுங்கள். பிறகு நான் சொன்ன அளவில் குளோரின் தண்ணீரை நன்றாகப் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். இரும்புக் கதிரை என்றால் கடைசியில் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும். உள்ளே வைக்கிற பிளாஸ்ரிக் வாளியைக் கொடுக்க வேண்டாம், அதைப் புதிதாக வாங்கச் சொல்லுங்கள்.