ஃபாக்டோரியோ: அடைப்பு ஓரிடம், கோளாறு வேறிடம்

(தோண்டுவது முதல் தயாரிப்பு வரை எந்திரங்களால் ஆலை கட்டும் கணினி விளையாட்டு ஃபாக்டோரியோ. அதை ஆடும் நாலு பேர், தங்கள் புனைபெயரில் பேசிக்கொள்வது இது.)

நிலக்கரி வண்டி:
"எல்லாம் சரியாத்தானே வெச்சேன், ஏன் மொத்தமா படுத்துடுச்சு?" புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான். பெரும்பாலும் மின்சாரம்தான் காரணம். பாய்லருக்கு (கரியை எரித்து நீராவி தருவது) கரி போடும் இன்செர்ட்டர், அதாவது பொருளை எடுத்து வைக்கும் எந்திரக் கை, மின்சாரத்தில் ஓடுகிறது. அந்தக் கரியைத் தோண்டும் ட்ரில்லும் அதே மின்சாரத்தில்தான். புதிதாகப் பத்து அசெம்பிளரை (பொருள் தயாரிக்கும் எந்திரம்) இணைத்ததும் தேவை உற்பத்தியைத் தாண்டும். எதுவும் உடனே அணையாது, லேசாக மெதுவாகும், அவ்வளவுதான். ட்ரில் மெதுவானால் கரி குறையும், கரி குறைந்தால் மின்சாரம் இன்னும் குறையும். அப்படியே சுழன்று இருட்டில் போய் நிற்கும்.

மீட்க: ஒரு மின்கம்பத்தைப் பிடுங்கி ஆலையைத் துண்டியுங்கள். பாய்லர் வரிசையும் கரி ட்ரில்களும் மட்டும் இணைப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு பாய்லரிலும் கையால் ஐந்தாறு கரி போடுங்கள். கம்பத்தைச் சொடுக்கினால் வரும் வரைபடத்தில் மின்சாரம் நிமிர்ந்ததும் பிடுங்கியதைத் திரும்ப நடலாம். நிரந்தரத் தீர்வு, பாய்லர்களுக்கு மட்டும் பர்னர் இன்செர்ட்டர். தான் தூக்கும் கரியையே எரித்துக்கொள்ளும், மின்சாரம் போனாலும் நிற்காது.

ரெட்டைத்தடம்:
அதோடு இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்க தலைவரே. ஒரு பாய்லர் 1.8 மெகாவாட், அதற்கு 900 கிலோவாட் நீராவி எஞ்சின் இரண்டு. ஒரு கரித்துண்டு 4 மெகாஜூல். 20 பாய்லர் முழுச்சுமையில் வினாடிக்கு 9 கரி தின்னும். பொருளை நகர்த்தும் மஞ்சள் பெல்ட் வினாடிக்கு 15 பொருள் சுமக்கும். அதில் இரண்டு தடம், ஒரு தடத்துக்கு 7.5. ட்ரில்களை பெல்ட்டின் ஒரே பக்கம் வைத்தால் ஒரு தடம்தான் நிரம்பும். 16 பாய்லர் வரை வண்டி ஓடும், கடைசி நாலும் பட்டினி. சுமை குறைவாக இருக்கும்வரை கரியும் குறைவாகத்தான் எரியும் என்பதால் இந்தத் தப்பு பல மணி நேரம் வெளியே தெரியாது. இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பதாக 18 மின்சார ட்ரில் (ஒன்று வினாடிக்கு அரை கரி) வைத்தால் தீர்ந்தது.

பழைய குறிப்புகளில் தண்ணீர் இறைக்கும் ஒரு பம்புக்கு 20 பாய்லர், 40 எஞ்சின் என்று இருக்கும். 2024 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து ஒரு பம்பே 200 பாய்லர் தாங்கும். பாய்லருக்கு இரண்டு எஞ்சின் என்பது மட்டும் மாறவில்லை.

கசடு:
கரிக் கதையில் கோளாறு பற்றாக்குறை. எண்ணெயில் நேர் எதிர், மிஞ்சுவதுதான் கோளாறு. ஆரம்பச் சுத்திகரிப்பில் 100 கச்சா போட்டால் 45 பெட்ரோலிய வாயு, வேறு கழிவு கிடையாது. அடுத்த கட்டத்துக்கு மாறியதும் 100 கச்சா, 50 தண்ணீருக்கு 25 கனஎண்ணெய், 45 லேசான எண்ணெய், 55 வாயு என மூன்றும் சேர்ந்தே வரும். வாயு பிளாஸ்டிக்குக்குப் போய் மளமளவென்று தீர்கிறது. கனஎண்ணெயை யாரும் தொடுவதில்லை. அது நிரம்பியதும் சுத்திகரிப்பு ஆலையே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரிவதோ "பிளாஸ்டிக் வரவில்லை" என்பதுதான். உடனே கச்சா போதவில்லை என்று நினைத்துப் புது எண்ணெய்க் கிணற்றைத் தேடி ஓடுகிறார்கள்!

தொட்டி மேல் தொட்டி வைப்பது தவணை வாங்குவது மாதிரி. 25,000 கொள்ளளவும் ஒருநாள் நிரம்பும். கனஎண்ணெயை உடைத்து லேசானதாக மாற்றித்தான் ஆகவேண்டும்: 40 கனஎண்ணெயும் 30 தண்ணீரும் சேர்ந்தால் 30 லேசான எண்ணெய், 30 லேசான எண்ணெயும் 30 தண்ணீரும் சேர்ந்தால் 20 வாயு. எல்லாவற்றையும் உடைத்துவிட்டால் மசகெண்ணெய்க்குக் கனஎண்ணெய் மிஞ்சாது. அதனால் தொட்டிக்கும் உடைக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு பம்ப், தொட்டியின் அளவைப் பம்புக்குச் சொல்ல ஒரு சிக்னல் கம்பி, பம்ப் ஓட நிபந்தனை: கனஎண்ணெய் 20000-ஐத் தாண்ட வேண்டும்.

ரெட்டைத்தடம்:
பச்சை சர்க்யூட்டிலும் (மின்னணுப் பலகை) இதே தேடல்தான். மூன்று செப்புக்கம்பி அசெம்பிளருக்கு இரண்டு சர்க்யூட் அசெம்பிளர். கம்பியை பெல்ட்டில் அனுப்பாதீர்கள். ஒரு சர்க்யூட்டுக்கு மூன்று கம்பி வேண்டும், செப்புத்தகடாக அனுப்பினால் ஒன்றரைதான், பாதி இடம் மிச்சம். கம்பி அசெம்பிளரைப் பக்கத்திலேயே ஒட்டி, இன்செர்ட்டரால் நேராக ஊட்டுங்கள்.

இரும்பு பெல்ட்டில் ஒரே ஒரு செப்புத்தகடு தவறி விழுந்தாலும் போச்சு. எந்த இன்செர்ட்டரும் அதை எடுக்காது, முனையில் போய்க் குந்திக்கொண்டு பின்னால் வருவதையெல்லாம் மறிக்கும். பக்கத்தில் நின்று F விசையை அழுத்தினால் பொறுக்கிக்கொள்ளலாம். அந்தத் தகடு எங்கிருந்து வந்தது என்று பெல்ட்டின் மேல்முனைவரை நடந்து பார்க்காவிட்டால் சற்று நேரத்தில் இன்னொன்று வரும்.

ரயில்பூச்சி:
ரயிலுக்குச் சுருக்கமாக: சந்திப்புக்குள் நுழையும் இடத்தில் செயின் சிக்னல் (வெளியேறும் வழி காலியாக இருந்தால்தான் உள்ளே விடும்), வெளியேறும் இடத்தில் சாதா சிக்னல். வெளியேறிய பிறகு அடுத்த சிக்னல் வரை முழு ரயில் நிற்க இடம் வேண்டும். இல்லாவிட்டால் வால் சந்திப்பிலேயே கிடக்கும், நாலு திசையும் பூட்டிக்கொள்ளும்.

@கசடு, இத்தனை அடியும் ரசிக்கும்படி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிடுங்கிய எந்திரம் முழுசாகக் கைக்குத் திரும்பி வருகிறது, பாதி விலைக்கு இல்லை. நேரம் மட்டும்தான் செலவு. இன்னொருவரிடம் காப்பியடித்த ப்ளூபிரிண்ட் (ஆலை வரைபடம்) நன்றாகவே ஓடும், ஆனால் நின்றால் எங்கே கை வைப்பது என்று தெரியாது.

கசடு:
உண்மை. ஆனால் எண்ணெய்க்கு மட்டும் ஒரு விலக்கு: தொட்டியைப் பிடுங்கினால் தொட்டிதான் வரும், உள்ளே இருந்த எண்ணெய் போனது போனதுதான்.