தினமும் ஓட்டும் ஸ்விஃப்டைத் தாழ்த்தலாமா? கோத்தகிரி சாலைக்கு எது சரி?

ஹட்டிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2019 ஸ்விஃப்ட், பெட்ரோல், 72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) வீடு, வேலை குன்னூரில். தினமும் கட்டபெட்டு வழியாகப் போய் வருகிறேன். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் இறங்கி கோவை.

ஷாக் அப்சார்பர் நான்கும் தளர்ந்துவிட்டன, முன்பக்க இடதில் எண்ணெய் கசிகிறது. எப்படியும் மாற்றியாக வேண்டும். மாற்றும்போதே வண்டியைக் கொஞ்சம் தாழ்த்திவிடலாம் என்று ஆசை. பார்க்க அழகாக இருக்கும் என்பதும் உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணமில்லை. வளைவுகளில் வண்டி சாய்கிறது, பின் சீட்டில் அம்மாவுக்குக் குமட்டுகிறது. 35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் மட்டும் போடுவதா, காயில்ஓவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போடுவதா, உயரத்தைத் தொடாமல் நல்ல ஷாக் மட்டும் போடுவதா? மலையில் தினமும் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் பட்டறை:
தம்பி, உயரத்தைத் தொடாதீர்கள். இருபது வருடமாகக் கார்களின் அடிவயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் வண்டிக்குத் தரை இடைவெளி 163 மி.மீ. அது காலி வண்டிக்கு. நான்கு பேரும் பைகளும் ஏறினால் பின்பக்கம் இன்னும் இறங்கும். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே 2450 மி.மீ. நடுவயிறுதான் மிகத் தாழ்ந்த இடம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இப்போது சுமார் 15 டிகிரி முறிகிற மேட்டை உரசாமல் தாண்டலாம். 40 மி.மீ. இறக்கினால் அது பதினொன்றரை டிகிரியாகிவிடும். ஹட்டிகளுக்கு இறங்கும் கான்கிரீட் பாதைகள் மெயின் ரோட்டோடு சேரும் இடம் எப்படி முறிகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, இறக்கத்தில் வரும் வண்டிதான் ஏற்றத்தில் வருவதற்கு வழிவிட வேண்டும். சட்டமும் அதுதான், மலை வழக்கமும் அதுதான். வளைவில் பஸ் ஏறி வந்தால் நீங்கள் தாரை விட்டு ஓரத்தில் இறங்குகிறீர்கள். மழை அரித்த தார் விளிம்பு மூன்று நான்கு அங்குல உயரம் நிற்கும். என்னிடம் வரும் தாழ்த்திய கார்களில் பாதிக்கு மேல் அங்கே அடி வாங்கியவைதான். வேகமாகப் போய் அடிபட்டவை இல்லை, வழிவிட்டதில் அடிபட்டவை.

லவ்டேல்காரர்:
பட்டறை அண்ணன் சொல்வது 40, 35 மி.மீ. இறக்கியவர்களுக்குப் பொருந்தும். எல்லாத் தாழ்த்தலையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. மூன்று வருடமாக 25 மி.மீ. இறக்கிய காயில்ஓவரோடு ஊட்டியில் தினமும் ஓட்டுகிறேன். இரண்டு மழைக்காலமும் பார்த்த வண்டி.

அவர் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. தாழ்த்தும்போது ஸ்பிரிங்கும் கடினமாகிறது. நான்கு பேர் ஏறினால் உங்கள் பழைய ஸ்பிரிங் பின்னால் 33 மி.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு கடினமான ஸ்பிரிங் அதே எடைக்கு 22 மி.மீ.தான் அமுங்கும். அப்போது ஆள் ஏறிய வண்டியில் நீங்கள் இழப்பது 25 இல்லை, 14 மி.மீ. உரசுவது ஆள் ஏறிய வண்டிதானே? காலி வண்டி எங்கே உரசுகிறது?

வகையையும் பார்த்து வாங்குங்கள். சில காயில்ஓவரில் ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டைத் திருகித்தான் உயரத்தைக் குறைக்க முடியும். அப்படி இறக்கினால் ஷாக்கின் தண்டு அமுங்க மிச்சமிருக்கும் தூரமும் குறைகிறது. அடி பிராக்கெட்டே தனியாகத் திருகும் வகையில் உயரம் மட்டும் மாறும், தண்டு நகரும் தூரம் அப்படியே இருக்கும். மலைக்கு இரண்டாவது வகைதான். கூட 200 ரூபாய் செலவு செய்து மரைக்கு நல்ல கிரீஸ் பூசி உறை போடுங்கள், இல்லையென்றால் இந்த ஈரத்தில் ஒரே வருடத்தில் மரை பிடித்துக்கொள்ளும்.

பெருமாள்மலை:
கொடைக்கானல் பக்கம் இருந்து எழுதுகிறேன். எதை வேண்டுமானாலும் போடுங்கள், ஸ்பிரிங்கை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். "ஒரு சுற்று வெட்டினால் போதும், செலவே இல்லை" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானே ஒரு பழைய வண்டியில் செய்தேன். வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தொங்கியது, ஸ்பிரிங் இருக்கையை விட்டு நகர்ந்து "டங்" என்று திரும்ப உட்கார்ந்தது. வெட்டிய ஸ்பிரிங் நீளத்தில் குட்டை, ஷாக்கோ பழைய நீளம். சக்கரம் முழுதாகத் தொங்கினால் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. சமவெளியில் இது வருடத்துக்கு ஒருமுறை நடக்கலாம். மலையில் ஒவ்வொரு வளைவிலும் நடக்கும். கூட என் மகள் இருந்தாள். இறங்கி உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்துத்தான் வண்டியை எடுத்தேன்.

ஹட்டிவாசி:
வெட்டுவது என் எண்ணத்திலேயே இல்லை, ஆனாலும் சொன்னதற்கு நன்றி. பழைய நீள ஷாக்கோடு கடையில் விற்கும் குட்டை ஸ்பிரிங் மட்டும் போட்டால் என்ன? பல பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

குன்னூர் பட்டறை:
அதுவும் அரைகுறை வேலைதான். வண்டி இறங்கியதும் ஷாக்கின் தண்டு ஏற்கெனவே பாதி வழி உள்ளே போய்விட்டது. மிச்சம் இருப்பது கொஞ்சம், அப்புறம் பம்ப் ஸ்டாப் ரப்பர், ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் கட்டை. ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் வண்டி ரப்பர் மேல் உட்காரும். நம் சாலையில் ஸ்பீட் பிரேக்கருக்குப் பஞ்சமா? ஷாக் சீக்கிரம் போகும். தாழ்த்திய ஸ்பிரிங்குக்கென்று தண்டு குட்டையாகச் செய்த ஷாக் தனியாக வருகிறது. பில்ஸ்டீன் என்ற ஷாக் கம்பெனியில் பி6 சாதாரண உயரத்துக்கு, பி8 தாழ்த்திய வண்டிக்கு. உங்கள் வண்டிக்குப் பொருந்துவது கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி, ஏன் இரண்டு விதமாகச் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

லவ்டேல்காரரே, உங்கள் 14 மி.மீ. கணக்கை ஒத்துக்கொள்கிறேன். நல்ல கணக்கு. ஆனால் நீங்கள் மேலே அமுங்குவதை மட்டும் பார்க்கிறீர்கள், கீழே தொங்குவதை விட்டுவிட்டீர்கள். மலையில் எனக்கு அதுதான் முக்கியம்.

கொண்டை ஊசி வளைவு ஒரு தட்டையான வட்டம் இல்லை, முறுக்கிய பாய் மாதிரி. உள்பக்கம் செங்குத்தாக ஏறும், வெளிப்பக்கம் படுத்திருக்கும். நான்கு சக்கரமும் ஒரே தளத்தில் நிற்காது. ஒரு சக்கரம் நன்றாகக் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். ஸ்பிரிங் எவ்வளவு மென்மையோ அவ்வளவு தூரம் அது சக்கரத்தை அழுத்திக்கொண்டே இறங்கும். இரண்டு மடங்கு கடினமான ஸ்பிரிங் பாதி தூரத்திலேயே தன் அழுத்தத்தை விட்டுவிடும். ஸ்விஃப்ட் முன்சக்கரத்தால் இழுக்கிற வண்டி. நவம்பர் மழையில் முதல் கியரில் ஏறும்போது உள்பக்க முன்சக்கரம் லேசானால், எஞ்சின் பலம் முழுக்க அந்தச் சக்கரம் வழியாகவே ஓடிப்போகும். சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நிற்கும், பின்னால் ஒரு லாரி. பர்லியாறுக்கு மேலே இப்படி நின்ற வண்டிகளைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

லவ்டேல்காரர்:
நீங்கள் சொல்வது நடக்கும். இரண்டு மடங்கு கடினம் போட்டவனுக்கு நடக்கும். நான் போட்டது ஒன்றரை மடங்கு கூட இல்லை. விற்கிறவர்கள் பந்தயத் தடத்துக்கான ஸ்பிரிங்கையே தினசரி வண்டிக்கும் தள்ளிவிடுகிறார்கள் என்பதுதான் நிஜமான பிரச்சினை. மென்மையான ஸ்பிரிங் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

எனக்கு இதில் கிடைத்தது நம்பிக்கை. பனியில் பத்தடிக்கு மேல் தெரியாத நாளில் ஊட்டியிலிருந்து மசினகுடிப் பக்கம் போகும் கல்லட்டிச் சாலையில் இறங்குகிறேன், 36 வளைவு. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்புகிறது. முதலில் சாய்ந்து, அப்புறம் யோசித்து, அப்புறம் திரும்புகிற வண்டி இல்லை அது. இந்த உணர்வு எனக்குப் பாதுகாப்பு. அதை ஆடம்பரம் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

குன்னூர் பட்டறை:
அந்த உணர்வு உயரம் குறைந்ததால் வந்ததா, நல்ல ஷாக்கால் வந்ததா? அதைப் பிரித்துப் பார்த்தீர்களா? புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. இறக்கினால், வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குத் தாவும் எடை நூற்றுக்கு நாலரை பங்கு குறையும். அவ்வளவுதான். தளர்ந்த ஷாக்கை எடுத்துவிட்டுப் புதுசு போட்டாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் கையில் தெரியும்.

அப்புறம் முன்பக்கத்தில் ஒரு சிக்கல். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்து இருக்கும்படிதான் வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள். அதிகம் இறக்கினால் அது சமமாகும், அப்புறம் மேல்நோக்கிப் போகும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டி இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். எடையின் மையத்துக்கும் அதற்கும் இடையே தூரம் கூடும். சாய்வைக் குறைக்கத் தாழ்த்திய வண்டி இன்னும் சாயப் பார்க்கும். கடினமான ஸ்பிரிங் அதை மறைத்துக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெடுவதால் பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும்.

லவ்டேல்காரர்:
25 மி.மீ.க்குள் அது சமநிலையைத் தாண்டாது. நான் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினேன். 15-இல் ஆரம்பித்து, ஐந்து ஐந்தாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் செய்தேன். ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் இந்த வசதி கிடையாது, அதனால்தான் காயில்ஓவர் என்கிறேன். ஷாக்கால் எவ்வளவு, உயரத்தால் எவ்வளவு என்று கேட்டீர்கள். நேர்மையாகச் சொன்னால், பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினேன்.

பெருமாள்மலை:
அலைன்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. ஸ்விஃப்டின் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உத்திரம்), அங்கே திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. முன்பக்கம்தான் கவனம். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பதைத் திட்டுகிறார்கள், பெரும்பாலும் காரணம் டோ, அதாவது சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. தாழ்த்திய அன்றே ஒருமுறை, ஸ்பிரிங் உட்கார்ந்தபின் ஆயிரம் கி.மீ.இல் ஒருமுறை பாருங்கள்.

சட்டத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிக்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

லவ்டேல்காரர்:
தெரிவித்துவிட்டேன், கடிதத்தின் நகல் வண்டியிலேயே இருக்கிறது.

ஹட்டிவாசி, அம்மாவின் குமட்டலுக்கு இதில் மருந்து இல்லை. என் வண்டியில் இத்தனை கடினமான ஸ்பிரிங் இருந்தும் என் மனைவிக்கு இன்னும் குமட்டல் வரத்தான் செய்கிறது. குமட்டல் மெதுவான ஆட்டத்தில்தான் வருகிறது, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வருகிற மாதிரியான ஆட்டம். இடம், வலம், இடம் என்று வளைவுகள் வருவதே அந்தத் தாளத்தில்தான். ஸ்பிரிங்கின் ஆட்டம் விநாடிக்கு ஒன்றுக்கும் மேல், அது வேறு கணக்கு. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, இரண்டாவது கியரில் ஒரே சீராகத் திரும்புங்கள். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

குன்னூர் பட்டறை:
இதில் அவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

ஹட்டிவாசி:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம் என்று தோன்றியது.

வீட்டில் நான்கு பேரையும் உட்கார வைத்துச் சக்கர வளைவின் உயரத்தை அளந்தேன். பின்பக்கம் 34 மி.மீ. இறங்கியது, முன்பக்கம் 12. லவ்டேல்காரர் குத்துமதிப்பாகச் சொன்ன எண் கிட்டத்தட்ட சரி. பிறகு தெர்மாகோல் துண்டுகளை, ஒன்று 25 மி.மீ., ஒன்று 40 மி.மீ. தடிமனில் வெட்டி, வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்தில் அருகருகே டேப் போட்டு ஒட்டினேன். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஹட்டியிலிருந்து மெயின் ரோடு, அங்கிருந்து கட்டபெட்டு, திரும்ப வீடு.

40 மி.மீ. துண்டு கான்கிரீட் பாதை முடிந்து ரோட்டில் ஏறும் இடத்திலேயே பிய்ந்துபோனது. 25 மி.மீ. துண்டு வீடு வரை வந்தது, ஆனால் ஒரு மூலையில் கீறல். ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் இறங்கியபோது பட்டது என்று நினைக்கிறேன், சத்தம் கேட்டது. பழைய ஸ்பிரிங்கோடு வந்த கீறல் என்பதால் கடினமான ஸ்பிரிங்கில் அதுகூட வராமல் இருக்கலாம்.

முடிவு இது. 35 மி.மீ. ஸ்பிரிங் கிடையாது. முதலில் அதே உயரத்துக்கு நான்கு புது ஷாக், மேல் மவுண்ட் ரப்பர்களோடு. டயர் நான்கும் ஐந்து வருடப் பழசு, அதையும் 185/65 ஆர்15 அளவிலேயே மாற்றுகிறேன். இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, அப்போதும் ஆசை இருந்தால் 15 மி.மீ.இல் ஆரம்பிக்கிற காயில்ஓவர் பற்றி யோசிக்கிறேன். அப்படிச் செய்தால் லவ்டேல்காரர் பிரித்துப் பார்க்காததை நான் பிரித்துப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

குன்னூர் பட்டறை:
ஷாக் மாற்றும்போது லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (அதை வண்டியோடு இணைக்கும் ரப்பர்) பாருங்கள். 72,000-இல் வெடித்திருக்கும். அதை விட்டுவிட்டால் எந்த ஷாக்கும் வேலை செய்யாது.

லவ்டேல்காரர்:
நல்ல சோதனை, எனக்கு இது தோன்றவே இல்லை. பழைய ஷாக்கை மாற்றுவதற்கு முன்னால் ஒருமுறை என் வண்டியை ஓட்டிப் பாருங்கள், ஒப்பிட உதவும். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கட்டபெட்டு டீக்கடைப் பக்கம் நிற்கிறேன், பனி விலகியிருக்கும். அம்மாவையும் கூட்டி வாருங்கள். 40 மி.மீ. தெர்மாகோல் ஒரு துண்டு மிச்சமிருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், என் வண்டியில் ஒட்டிப் பார்க்கிறேன்.