உலர்துறைக்கு ஏற்றாமல் கப்பலின் அடிப்பகுதியை நீரடி ரோபோவால் ஆய்வு செய்தால் கிளாஸ் ஏற்குமா?

கேள்வி: மரக்கலம்

அனைவருக்கும் வணக்கம். நான் பொறுப்பேற்றிருக்கும் கப்பல்களுள் ஒன்று, கட்டி ஏழு ஆண்டுகளான பனாமாக்ஸ் வகை மொத்தச் சரக்குக் கப்பல். அதற்கு இடைக்கால ஆய்வு நெருங்குகிறது. உலர்துறைக்குக் கொண்டுசெல்லாமல் அடிப்பகுதி ஆய்வை நீரிலேயே முடித்துவிட உரிமையாளர் விரும்புகிறார். இதற்காக நாங்கள் விலை கேட்ட நிறுவனங்களுள் ஒன்று, முக்குளிப்பாளர் எவரையும் இறக்காமல், கம்பிவழி இயக்கப்படும் ரோபோவைக் கொண்டே (இனி ஆர்ஓவி என்கிறேன்) முழு ஆய்வையும் செய்து தருவதாகக் கூறுகிறது. செலவும் நேரமும் குறைவு என்பதால் உரிமையாளருக்கு அதில் நாட்டம் அதிகம்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. ரோபோ எடுத்த காணொளியை மட்டும் வைத்து, கப்பலின் தரத்துக்குச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கம் (கிளாஸ்) சான்றிதழில் ஒப்புதல் அளிக்குமா? ஏறத்தாழ 225 மீட்டர் நீளமும் 32 மீட்டர் அகலமும் உள்ள ஒரே நிறமான எஃகுப் பரப்பில், ஒரு பழுதைக் கண்டால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ரோபோ எப்படிச் சொல்லும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: அளவையர்

ஐயா, முதல் ஐயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின்படி ஐந்தாண்டுச் சுழற்சிக்குள் சரக்குக் கப்பலின் அடிப்பகுதியை இரண்டு முறையாவது ஆய்வு செய்தாக வேண்டும். அவ்விரண்டுக்கும் நடுவே 36 மாதங்களுக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. இவற்றுள் சான்றிதழ் புதுப்பித்தலையொட்டி வருவது வழக்கமாக உலர்துறையில் நடக்கும். இடையில் வருவதைக் கப்பல் மிதந்துகொண்டிருக்கும்போதே செய்துகொள்ள இடமுண்டு. மொத்தச் சரக்குக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் 15 வயதை எட்டிவிட்டால் இந்தச் சலுகை இல்லை. உங்கள் கப்பல் ஏழு வயதே ஆனது என்பதால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை.

சர்வதேச வகைப்பாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு வகுத்துள்ள இசட்17 விதி, நீரடி ஆய்வை முக்குளிப்பாளரைக் கொண்டும் செய்யலாம், ஆர்ஓவியைக் கொண்டும் செய்யலாம் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் அந்த அங்கீகாரம் நிறுவனத்துக்கும் அதன் பணிமுறைக்கும் சேர்த்து வழங்கப்படுவது. நல்ல ரோபோவை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பதற்காக அது தானாகக் கிடைத்துவிடாது. ஆகவே அந்த நிறுவனம் உங்கள் கிளாஸிடம் பெற்ற அங்கீகாரச் சான்றை முதலில் கேட்டு வாங்குங்கள். அதில் ஆர்ஓவி குறிப்பிடப்பட்டிருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள்.

மேலும், நீங்கள் எண்ணுவதுபோலப் பதிவு செய்த காணொளியைப் பிறகு அனுப்பி ஒப்புதல் பெறும் வேலை இது அல்ல. கிளாஸின் ஆய்வாளரான சர்வேயர் நேரடித் திரையின் முன் இருந்து, "அந்தப் பற்றவைப்புக்குத் திரும்பிச் செல்லுங்கள்" என்று சொல்லவும், சொன்னது உடனே நடக்கவும் வேண்டும். கப்பல் போதிய அளவு குறைந்த மிதப்பாழத்தில் (நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழத்தில்), நீரோட்டம் தணிந்த ஒதுக்கமான இடத்தில் இருப்பதும், நீரின் தெளிவும் அடிப்பகுதியின் தூய்மையும் பொருளுள்ள ஆய்வுக்கு இடம் தருவதும் கட்டாயம்.

எனக்கு நெருடுவது "முழு ஆய்வையும்" என்ற சொற்றொடர்தான். சுக்கான் தாங்கியின் இடைவெளியையும் ப்ரொப்பெல்லர் தண்டு செல்லும் பின்தண்டுக் குழாய்த் தாங்கியின் தேய்மானத்தையும் எப்படிச் சொல்லப்போகிறார்கள்? அவற்றை அளக்க வழக்கமாகக் கயிற்றுத் தடுப்பை (ப்ரொப்பெல்லர் தண்டில் கயிறு சுற்றாமல் காக்கும் உறையை) அகற்றி, அளவியை உள்ளே செலுத்த மனிதக் கை வேண்டியிருக்கிறது. இயக்க வரலாறு, கப்பலிலேயே செய்யும் சோதனை, தாங்கி எண்ணெயின் பகுப்பாய்வு ஆகியவற்றைக் கொண்டு இந்த அளவீடுகளைச் சிறப்பாகப் பரிசீலிக்க விதியில் இடமிருக்கிறது. அப்படிப் பரிசீலிப்பதா என்பதைச் சர்வேயர் முடிவு செய்வார். ஆய்வு நிறுவனம் முன்கூட்டியே வாக்களிக்க முடியாது.

பதில் 2: ஆழ்நீர்

நான் இருபது வயதுகளில் முக்குளிப்பாளராகத் தொடங்கி, இப்போது அந்தப் பணிகளை மேற்பார்வை செய்பவன். ரோபோ வந்ததால் எங்கள் தொழில் போய்விட்டதே என்று குறைப்படுபவன் அல்லன். ஓடும் பம்ப் ஒன்று நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும் சீ செஸ்டின் (கடல்நீரை உள்ளிழுக்கக் கப்பலடியில் உள்ள குழிப்பெட்டியின்) சல்லடைக்கு முன்னால் ஒருவர் மாட்டிக்கொண்டால், அழுத்த வேறுபாடு அவரை அங்கேயே ஒட்டவைத்துவிடும். மேலிருந்து எத்தனை பேர் இழுத்தாலும் விடுவிக்க முடியாது. அதனால்தான் பம்புகளையும் ப்ரொப்பெல்லரையும் பூட்டி, எச்சரிக்கை அட்டை கட்டி, எழுத்துவழி அனுமதி பெற்ற பிறகே நாங்கள் நீரில் இறங்குகிறோம். முதல் சுற்றுப் பார்வைக்கு இயந்திரம் போவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் ரோபோதானே என்று அந்தப் பூட்டுகளைத் தளர்த்தும் கப்பல் பணியாளர்கள் சிலர் உண்டு. அதன் கம்பி ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் அதை அறுத்தெடுக்க இறங்கப்போவதும் ஒரு மனிதர்தான்.

மற்றொன்று, கலங்கல் நீர். நம் துறைமுகங்கள் பலவற்றில் கை நீட்டினால் விரல் தெரியாது. அந்நிலையில் முக்குளிப்பாளர் தடவியே வேலை செய்கிறார்: பில்ஜ் கீலின் (கப்பல் உருளாமல் தடுக்க அடிப்பக்கத்தில் நீளவாக்கில் பொருத்திய தகட்டின்) முனையில் பற்றவைப்பு வெடித்திருப்பதும், பெயின்ட் கொப்புளத்துக்குக் கீழே எஃகு குழிந்திருப்பதும் விரலுக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. தடிமன் அளவீடும் அப்படியே. மீயொலி அளவியால் பெயின்டைக் கழித்துவிட்டு எஃகின் தடிமனை மட்டும் காட்ட முடியும். ஆனால் நடுவே கொட்டலசு ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல் அளவு வராது. சுரண்டும் கருவி பொருத்திய ரோபோவா என்று கேளுங்கள். இல்லையெனில் "அளவு எடுக்க இயலவில்லை" என்ற குறிப்புகள் நிறைந்த அறிக்கைதான் உங்கள் மேசைக்கு வரும்.

பதில் 3: உந்துவிசை

இரண்டாவது ஐயம் என் துறையைச் சார்ந்தது. என் மதிப்பீட்டில் கப்பலடி ஆய்வின் மெய்யான சிக்கல் அதுதான். ஆழம் இங்கே ஒரு பொருட்டே அல்ல. கலிஃபோர்னியாவின் ப்ளூ ரோபோடிக்ஸ் தயாரிக்கும் ப்ளூஆர்ஓவி2 போன்ற, ஒருவரே தூக்கிச் செல்லக்கூடிய கருவிகூட 100 மீட்டர் வரை இறங்கும். உங்கள் கப்பலின் மிதப்பாழம் அதில் ஆறிலொரு பங்கைத் தாண்டாது.

இடம் அறிவதுதான் கடினம். ஜிபிஎஸ் அலைகள் நீருக்குள் புகா. காந்தத் திசைகாட்டி, தலைக்கு மேல் பல்லாயிரம் டன் எஃகு இருக்கையில் நம்பத்தக்கதன்று. ஒலிவழி இடங்காட்டியின் அலைகள் கப்பலிலும் துறைச்சுவரிலும் பட்டுத் தெறித்துப் பல போலி விடைகளைத் தருகின்றன. இதற்குக் கண்ட தீர்வுகளுள் எனக்குப் பிடித்தது, அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தின் ஆதரவில் எம்ஐடியும் ப்ளூஃபின் ரோபோடிக்ஸும் உருவாக்கிய தானியங்கிக் கலம். கடலடியைப் பார்க்க வேண்டிய, ஒலியலையால் வேகத்தை அளக்கும் டாப்ளர் வேகமானியை அவர்கள் கப்பலை நோக்கித் திருப்பிவிட்டார்கள். கலம் கப்பலின் சுவரிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் விலகி நின்று, அந்தச் சுவரையே தரையாகக் கொண்டு தன் நகர்வைக் கணக்கிட்டது. கலங்கல் நீருக்காக, ஒலியைக் கொண்டு படம் வரையும் டிட்சன் சோனாரைப் பொருத்தினார்கள். 183 மீட்டர் நீளமுள்ள எஸ்எஸ் கர்ட்டிஸ் கப்பலில் இது சோதிக்கப்பட்டது. சமமான பக்கங்களில் எளிதாக நடந்த வேலைக்கு, ப்ரொப்பெல்லரும் சுக்கானும் உள்ள பின்பகுதியில் தனிப் பயணத்திட்டமே வகுக்க வேண்டியிருந்தது. அவர்களது முதன்மை நோக்கம் கப்பலடியில் ஒட்டவைக்கப்பட்ட கண்ணிவெடிகளைத் தேடுவது என்பதால் ஓர் அங்குலப் பரப்பையும் விட முடியாத கட்டாயம் இருந்தது. வணிகச் சந்தையில் உங்களுக்கு வருவது பெரும்பாலும் இந்த அளவுக்கு மெனக்கெட்ட கருவியாக இராது.

எளிய வழியும் உண்டு. நீரடி ஆய்வுக்கென்று கிளாஸிடம் குறியீடு பெற்ற கப்பல்களின் அடியில், தொட்டிகளின் எல்லைகள் பற்றவைப்புக் கோடுகளாலும் வேறு நிறப் பெயின்டாலும் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் கப்பலுக்கு அக்குறியீடு இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கேமராவின் கோணத்தையும் கேளுங்கள். பல சிறு ஆர்ஓவிகளின் கேமரா முன்னோக்கியே பார்க்கும், நீங்கள் பார்க்க வேண்டிய சமதளமோ அதன் தலைக்கு மேலே இருக்கும்.

நம் ஊரிலும் இந்த வேலை நடக்கிறது. சென்னை ஐஐடியில் 2015-இல் உருவான பிளானிஸ் டெக்னாலஜிஸ், கொச்சியின் ஐரோவ் ஆகியவை சொந்தமாக ஆர்ஓவி வடிவமைப்பவை. விசாரித்துப் பாருங்கள்.

மரக்கலம்

மூவருக்கும் நன்றி. கப்பலுக்குக் குறியீடு உண்டு, வரைபடமும் கிடைத்துவிட்டது. அப்படியானால் ஆர்ஓவிக்குச் செலவிடுவதில் பயனே இல்லையா?

அளவையர்

பயன் நிறைய உண்டு ஐயா. சோலாஸ் ஆய்வைவிட, இடையிடையே பாசி படிவதைக் கவனிப்பதில்தான் அது தன் விலையை மீட்டுத் தரும். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள வழுவழுப்புப் படலம் அடிப்பரப்பில் பாதியை மூடினாலே, கப்பலைப் பொறுத்து, பசுங்குடில் வாயு உமிழ்வு 25 முதல் 30 விழுக்காடு வரை கூடக்கூடும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பின் க்ளோஃபவுலிங் திட்ட அறிக்கை கூறியது. அவ்வமைப்பு 2023-இல் திருத்திய வழிகாட்டுதல்கள் படிவை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கின்றன; நியூசிலாந்து 2018 முதலும் ஆஸ்திரேலியா 2022 முதலும் இதில் கண்டிப்புக் காட்டுகின்றன. அத்துறைகளுக்குச் செல்லும் கப்பலானால் சீ செஸ்ட், த்ரஸ்டர் (பக்கவாட்டு உந்தி) குழாய் போன்ற மறைவிடங்களை ஆர்ஓவியால் அடிக்கடி பார்ப்பது அறிவுடைமை.

இந்த ஆய்வுக்கு, ஆர்ஓவியை முதலில் இறக்கி முழுப் பரப்பையும் பார்த்துவிட்டு, இடைவெளி அளவீட்டுக்கும் ஐயமுள்ள இடங்களுக்கும் மட்டும் முக்குளிப்பாளரை இறக்கும்படி ஒப்பந்தத்தை மாற்றிக் கேளுங்கள். பயணத்திட்டத்தில் ஃபுஜைராவோ ஜிப்ரால்டரோ வந்தால் ஆய்வை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். நீரின் தெளிவு உங்கள் பக்கம் இருக்கும். கிளாஸுக்கு முன்திட்டத்தை அனுப்பும்போது பின்தண்டு எண்ணெய்ப் பகுப்பாய்வு முடிவுகளையும் இணைத்துவிடுங்கள். பெரிய பழுது தென்பட்டால் சர்வேயர் உலர்துறைக்கு அனுப்பச் சொல்லக்கூடும் என்பதையும் உரிமையாளரிடம் இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.