1884-ல் ஒரே சீசன் ஆடிய கேட்சர்

மஞ்சக்குப்பம் கீப்பர்:
கடலூர்ப் பக்கம் டென்னிஸ் பந்து மேட்ச்களில் கீப்பிங் நிற்பவன் நான். பேஸ்பால் அரைகுறையாகத்தான் தெரியும். அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்குக் கதவு திறந்தது 1947-ல், ஜாக்கி ராபின்சன் வந்தபோது என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்பவர் 1884-லேயே ஆடியிருக்கிறாரே? ஏன் ஒரே சீசனோடு முடிந்தது? ஆட்டம் சரியில்லையா?

லாஸ்பேட்டை பி.இ.டி. மாஸ்டர்:
ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது தம்பி. டொலீடோ அணிக்கு 42 ஆட்டம், பேட்டிங் சராசரி .263, அதாவது நூறு முறை பேட் பிடித்தால் சுமார் 26 ஹிட். அந்த லீக்கின் பொதுச் சராசரியைவிடக் கூடுதல்.

கீப்பர் என்பதால் உங்களுக்குப் புரியும். அப்போது பந்து எறிபவர் 50 அடியில் நிற்பார். நம் பிட்ச்சே 66 அடி. நம் விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சருக்கு முகமூடி உண்டு. கைக்கு மெல்லிய தோல் உறை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறுங்கைதான். நான் பள்ளியில் கீப்பிங் சொல்லிக் கொடுத்த பையன்களுக்கு, நல்ல கிளவுஸ் போட்டும் சுண்டுவிரல் நகம் கறுத்துப் போகும். மறுநாள் பேனா பிடிக்க மாட்டார்கள்.

இன்னொரு கொடுமையும் உண்டு. எந்தப் பந்து போடுவது என்று கேட்சர்தான் சைகை காட்டுவார். டோனி முல்லேன் என்ற பந்துவீச்சாளர், தான் சேர்ந்து ஆடியவர்களில் வாக்கரைப் போல ஒரு கேட்சர் இல்லை என்று பின்னாளில் ஒத்துக்கொண்டார். கறுப்பர் என்பதால் அவர் சைகையைப் பார்க்காமல் இஷ்டத்துக்கு எறிந்ததையும் அவரே சொன்னார். எங்கே வரும் என்றே தெரியாத பந்தை அந்தக் கையால் பிடித்திருக்கிறார் மனுஷன்! கடைசியில் காயம், சீசன் முடிவதற்குள் அணி விடுவித்துவிட்டது.

முத்தியால்பேட்டை ரசிகன்:
மாஸ்டர், டொலீடோ மேஜர் லீக்குக்கு வருவதற்கு முந்தைய வருடம், 1883 ஆகஸ்டில் நடந்த கதையை விட்டுவிட்டீர்களே. வாக்கர் இறங்கினால் ஆட மாட்டோம் என்றார் சிகாகோ கேப்டன் கேப் ஆன்சன். உண்மையில் அன்று வாக்கருக்குக் கைவலி, ஓய்வு கொடுப்பதாகத்தான் இருந்தார்கள். டொலீடோ மேலாளர் சார்லி மார்ட்டனுக்கு வந்ததே கோபம். ஆடாவிட்டால் டிக்கெட் பணத்தில் பங்கு கிடையாது என்று சொல்லி, வேண்டுமென்றே வாக்கரை இறக்கினார். ஆன்சன் முணுமுணுத்துக்கொண்டே ஆடினார். நம்மூரில் தலித் சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலுவுக்கு இதே கதைதான். பந்து போட அவர் வேண்டும், டீ மட்டும் வெளியே மண்குவளையில்.

மஞ்சக்குப்பம் கீப்பர்:
சரி, காயம் ஆறிய பிறகு?

லாஸ்பேட்டை பி.இ.டி. மாஸ்டர்:
கீழ்நிலை லீக்குகளில் ஆடினார். 1887-ல் நியூவார்க்கில், ஜார்ஜ் ஸ்டோவி என்ற கறுப்பினப் பந்துவீச்சாளருக்கு இவர்தான் கேட்சர். அதே ஜூலையில், இனிக் கறுப்பினத்தவரைப் புதிதாக எடுப்பதில்லை என்று நியூவார்க் ஆடிய இன்டர்நேஷனல் லீக் முடிவு செய்தது. ஏற்கெனவே இருந்தவர் என்பதால் சிராக்யூஸில் 1889 வரை தாக்குப்பிடித்தார். மேஜர் லீக்கில் எழுதி வைத்த தடை எதுவும் இல்லை தம்பி, யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவருடைய தம்பி வெல்டியும் அதே 1884-ல் அதே அணியில் ஆடினார். அவருக்கு 5 ஆட்டம்தான் கிடைத்தது.